பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரிக்காரர்களுக்கு

அன்புள்ள சக பாடகர்களே,

மார்கழியில் நமக்குக் கிடைக்கிற நேரம் பகல் பன்னிரண்டு. கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றே முக்கால். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அப்படியும் முப்பது பேர் வந்துவிட்டால் அன்று நமக்குத் தீபாவளி. அந்த முப்பதில் அப்பா, அம்மா, அத்தை, மிருதங்கக்காரரின் அண்ணன், எதிர் வீட்டு மாமா எல்லாரையும் கழித்தால் ஏழெட்டுப் பேர் மிஞ்சுவார்கள். அந்த ஏழெட்டிலும் இரண்டு பேர் கான்டீனில் இலை போடும்வரை மின்விசிறிக்கு அடியில் ஒதுங்கியவர்கள். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். இதைக் குறையாகச் சொல்ல எழுதவில்லை. அந்த முப்பது நாற்காலிகளில்தான் நாம் ஒருவருக்கொருவர் பழக்கமானோம். உன் கச்சேரிக்கு நான், என் கச்சேரிக்கு நீ.

எழுத வந்த விஷயம் வேறு. போன சீசனில் நம்மில் ஒருத்தியின் கச்சேரியைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தோடியை எடுத்ததும் முன்னால் இருந்த நாலைந்து பேரின் மடியில் ஒரே சமயத்தில் சிவப்புப் புள்ளி மின்னியது. பதிவு ஓட ஆரம்பித்ததும் அந்த நாலைந்து பேரும் நிம்மதியாகப் பேச ஆரம்பித்தார்கள். போன் கேட்டுக்கொண்டிருக்கிறது, நமக்கென்ன கவலை! அந்த நாலைந்து பேர் வேறு யாருமில்லை, நாம்தான். அதற்கு முதல் நாள் ஒரு சீனியர் வித்வானின் கச்சேரியில் நானும் அதையேதான் செய்தேன்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு டி.கே. பட்டம்மாள் என்றால் உயிர். தாத்தா வீட்டில் ஒரு பழைய டேப் ரிக்கார்டர் இருந்தது. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்வார். அதில் வந்த குரல் அது. கனமான குரல். குழையாது, கெஞ்சாது. ஒரு சொல்லை நடுவில் உடைக்காது. எடுத்த காலப்பிரமாணம் எடுத்த இடத்திலேயே கல்லு மாதிரி நிற்கும். ஏழு வயதில் எனக்குக் காலப்பிரமாணம் என்ற சொல்லே தெரியாது. இந்தப் பாட்டி பாடும்போது யாரும் யாரையும் விரட்டவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பாட்டுக் கற்றுக்கொள்ள ஆரம்பித்த பிறகு அந்த உயிர் பித்தாக மாறியது. கிடைத்த பதிவுகளையெல்லாம் சேர்த்தேன். வானொலிக் கச்சேரி, கல்யாணக் கச்சேரி, யாரோ மேடைக்குக் கீழே டேப் வைத்துப் பிடித்தது, எல்லாம் இப்போது என் போனில் இருக்கின்றன. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு போட்டி. எந்தச் சபா என்பது இங்கே வேண்டாம். காம்போதியில் ஒரு தீட்சிதர் கிருதி பாடினேன். பட்டம்மாளின் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றை வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக் கேட்டு, ஒவ்வொரு சங்கதியையும் உருப்போட்டிருந்தேன். கமகம் எங்கே எத்தனை அசைவு, மூச்சு எங்கே என்பது வரைக்கும் மனப்பாடம். முடிந்ததும் நடுவர் கேட்டார்:

“அனுபல்லவியில ரெண்டாவது சங்கதி முடியறதுக்குள்ள நிறுத்திட்டியேம்மா. சொல்லு நடுவுல உடைஞ்சுபோச்சே, ஏன்?”

“டி.கே.பி. அம்மா பதிவுல அங்கதான் சார் நிறுத்துவாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அவங்களுக்கு அன்னிக்கு இருமல் வந்திருக்கும். உனக்கு என்ன வந்தது?”

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி நடித்தேன். வாழ்நாள் முழுக்கச் சொல்லை உடைக்காமல் பாடிய ஒருவர் என்றோ ஒருநாள் தொண்டை கமறி நிறுத்திய இடத்தை அப்படியே காப்பியடித்து, அதையும் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வகுப்பில் டீச்சரிடம் சொல்லி அழுதேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “உனக்குப் பட்டம்மாளைப் பிடிக்கும், சரி. பட்டம்மாளுக்கு யாரைப் பிடிச்சுதுன்னு தெரியுமா?”

தெரியவில்லை. அதைத் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

காஞ்சிபுரம். 1920கள். அங்கே நாயனாப் பிள்ளை என்று ஒரு பாடகர். சுப்பிரமணிய பிள்ளை என்பது இயற்பெயர். 1889இல் பிறந்தவர். பாடகி தனகோடி அம்மாள் வந்த இசைக் குடும்பம். லயத்தில் அவரை மடக்க ஆளில்லை என்று பேர். இன்றைக்கு நாம் வயலின், மிருதங்கம், கூட ஒரு கடம் என்று உட்கார்கிறோம். அவர் மேடையில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று ஒரு படையே உட்கார்ந்திருக்கும். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே அதற்குப் பெயர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற லய சிங்கங்கள் அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள். அத்தனை பேரும் சேர்ந்து கணக்கில் இழுத்தாலும் பாடகர் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். சிக்கலான இடங்களில் எடுப்பை வைத்துப் பல்லவி பாடுவதும், திருப்புகழின் கடுமையான தாளங்களைக் கச்சேரிக்குக் கொண்டுவந்ததும் அவருக்குப் பேர் வாங்கித் தந்தன. ஊரில் வருஷா வருஷம் தியாகராஜ உற்சவமும் நடத்திவந்தார்.

அந்த உற்சவக் கூட்டத்தில் ஒரு சிறுமி. 1919இல் பிறந்தவள். காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் ஊர்க் குடும்பம். அப்பா கிருஷ்ணசுவாமி தீட்சிதர் சுலோகங்களும் பாட்டும் சொல்லிக்கொடுப்பார். அம்மாவுக்கு அருமையாகப் பாட வரும். ஆனால் வெளியார் காதில் விழப் பாடக்கூடாது என்பது அந்த வீட்டுப் பெண்களுக்கு அன்றிருந்த கட்டுப்பாடு. அந்த அம்மாவின் மகள் உடன்பிறந்தவர்களோடு போய் நாயனாப் பிள்ளையின் கச்சேரியில் உட்காருவாள். கேட்ட கிருதிகளை மனத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுவார்கள். பிற்காலத்தில் பட்டம்மாள் நாயனாப் பிள்ளையைத் தம் மானசீக குரு என்றே சொல்லிவந்தார்.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது பொறாமை. அப்புறம் வந்தது கணக்கு. ஒரு கிருதி பத்து நிமிஷம். ஒரு தடவைதான் காதில் விழும். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்க வழியில்லை. அடுத்த வருடம் நாயனாப் பிள்ளை அதே பாட்டைப் பாடுவார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பல்லவியில் ஐந்து சங்கதி வந்தால் மூன்றாவதைப் பிடிக்கிறபோது நாலாவது ஓடிவிடும். சாஹித்யம் தெலுங்கு. அந்தக் குழந்தைகள் தமிழ்ப் பிள்ளைகள். தாளம் எங்கே விழுகிறது, எடுப்பு எங்கே என்பதைக் கையில் போட்டுக்கொண்டே காதால் வாங்க வேண்டும். இதில் எதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியும்? புரிந்ததை மட்டும்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் சொல்ல வந்தது முழுக்க இதற்குள்ளேதான் இருக்கிறது. போன் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. புரிந்தது, புரியாதது, பாட்டு, இருமல், பின்வரிசையில் அழுத குழந்தை என்று எதையும் விடாது. ஞாபகத்துக்கு அவ்வளவு பெரிய பை கிடையாது. அது ஒரு சல்லடை. ராகம் எப்படி நடந்தது, வார்த்தை எங்கே தாளத்தில் உட்கார்ந்தது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அதில் ஏதாவது தங்கும். ஆகவே அந்தச் சிறுமி வீட்டில் எழுதி வைத்தது நாயனாப் பிள்ளையின் பாட்டுதான் என்றாலும், அதில் ஒரு ஸ்வரம்கூட அவள் காது வேலை செய்யாமல் வந்து சேர்ந்ததில்லை. எழுதி முடித்தபோது பாதி அவளுடையதாகவே ஆகியிருக்கும்.

அதே ஊரில் அதே நாயனாப் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து நேராகக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவருடைய சீடர்களில் முக்கியமானவர். அவர்கள் இசைவேளாளர் குடும்பங்களிலும் குருகுலத்திலும் பாட்டை நேரடியாக வாங்கினார்கள். தாமல் வீட்டுப் பெண்ணுக்குக் குருவின் திண்ணை கிடைக்கவில்லை, கூட்டத்தில் ஓரிடம்தான் கிடைத்தது. சாதியும் வீட்டுக் கட்டுப்பாடும் யாரை எங்கே உட்கார வைத்தன என்பதையும் மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் மேடையில் பாடியதற்காகவே ஊர் குறைத்துப் பேசிய குடும்பங்கள். இன்னொரு பக்கம் பாடத் தெரிந்தும் வாய் திறக்காத அம்மாக்கள். இரண்டுக்கும் நடுவில் அந்த உற்சவப் பந்தல். அந்தப் பந்தலில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இருந்ததால்தான் இந்தக் கதை நடந்தது.

இன்னொன்றும் நடந்தது. நாயனாப் பிள்ளையின் உற்சவத்தையொட்டிச் சிறுவர்களுக்குப் போட்டி வைத்தார்கள். அந்தச் சிறுமி ‘ரக்ஷ பெட்டரே’ பாடினாள். தியாகராஜர் கிருதி, பைரவி ராகம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பைரவியில் இரண்டு தைவதம். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. நாம் இன்னும் சறுக்கி விழுகிற படி அது. குழந்தைகள் போட்டி என்றால் ஒரு மோகனமோ ஹம்சத்வனியோ பாடிவிட்டு இறங்கிவிடலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. லய சிம்மம் என்று ஊர் நடுங்குகிற மனிதரின் முன்னால் பைரவியைத் துணிந்து எடுத்தாள். முதல் பரிசு வாங்கினாள்.

1934இல் நாயனாப் பிள்ளை காலமானார். பட்டம்மாளுக்கு அப்போது பதினைந்து வயது.

அதற்கு முந்தைய வருடக் கடைசியில்தான் நாடக மேடைப் பாடகர் கிட்டப்பா மறைந்தார். கிட்டப்பாவின் குரல் இன்றைக்கும் இருக்கிறது. இசைத்தட்டு கீறிக்கொண்டு ஓடினாலும், அந்த உச்ச ஸ்தாயி பாய்ந்து வருவதைக் கேட்கிறோம். மூன்று நிமிஷத் தட்டுகளின் காலம் அது. கம்பெனிகள் ஊர் ஊராக வித்வான்களைத் தேடிக்கொண்டிருந்தன. ஆனால் நாயனாப் பிள்ளையின் குரலில் ஒரு தட்டுகூட இன்று நம் கையில் இல்லை. ஃபுல் பெஞ்ச் அத்தனையும் சேர்ந்து முழங்கிய அந்தப் பல்லவிகளில் ஒரு ஆவர்த்தனம்கூடக் கேட்கக் கிடைக்காது. கனத்த குரலா, கம்மிய குரலா? அகாரம் எப்படி இருக்கும்? கேட்டவர்கள் எழுதிவைத்ததைப் படிக்கலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் அவர் எங்கே இருக்கிறார்?

சித்தூராரின் ஆனந்தபைரவியைக் கேளுங்கள். பிருந்தா, முக்தா பாடிய கிருதிகளைக் கேளுங்கள். தனம்மாள் வீட்டுப் பாணியின் நடுவே காஞ்சிபுரத்துப் பாடாந்தரம் ஒன்றும் அவர்களிடம் உண்டு. அப்புறம் பட்டம்மாளின் பல்லவியைக் கேளுங்கள். நான்கு பேரின் குரலும் நான்கு விதம். எந்தக் குரலிலும் நாயனாப் பிள்ளையின் ‘காப்பி’ இருக்க முடியாது. இருந்தால் அந்த நான்கு குரலும் ஒன்றைப் போல் ஒன்று ஒலிக்க வேண்டுமே! குரலை விட்டுவிட்டு வேறு எதையோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டம்மாள் வாங்கிக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். என் கணிப்பு, துணிவு. ராகம் தானம் பல்லவியில் வருகிற பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாளத்தில் ஓரிடத்தில் எடுக்க வேண்டும், ஓரிடத்தில் அருதி விழ வேண்டும். அதே வரியை இரண்டு மடங்கு வேகத்தில், நாலு மடங்கு வேகத்தில், பாதி வேகத்தில் பாடினாலும் எடுப்பும் அருதியும் கணக்குத் தப்பாமல் வந்து சேர வேண்டும். கை ஒரு கணக்கில் போகும், வாய் இன்னொரு கணக்கில் போகும், இரண்டுக்கும் நடுவில் ராகம் சிதையக்கூடாது. மேடையில் பல்லவி என்றால் ஆண்கள் சமாச்சாரம் என்று சபாக்கள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், பட்டம்மாள் ராகம் தானம் பல்லவியைக் கச்சேரியின் நடுநாயகமாக வைத்துப் பாடினார். ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பேர் விழுந்தது. காஞ்சிபுரத்துப் பந்தலில் உட்கார்ந்து ஒரு மனிதர் படையின் நடுவே அசையாமல் நிற்பதைப் பார்த்திருந்தவருக்கு, மேடையில் இரண்டு பக்கவாத்தியங்களுக்கு நடுவே நிற்க எதற்குப் பயம்?

1932இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் அவர் பாடியபோது வயது பதின்மூன்று. அவர் வந்த சமூகத்துப் பெண்கள் பொதுமேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்வது அன்றைக்குக் கேட்டறியாத காரியம். பெண்களுக்கு வாசிக்காமல் இருந்த பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் பட்டம்மாளுக்கு மிருதங்கம் வாசிக்க உட்கார்ந்தார். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி 1970இல் வந்தது. இந்த வரிசையை நாம் எல்லாரும் போட்டித் தேர்வுக்குப் படித்திருக்கிறோம். ஆனால் இதற்கெல்லாம் தொடக்கம் மேடையில் இல்லை, ஒரு குழந்தை வாயை மூடிக்கொண்டு கேட்டதில் இருக்கிறது என்பதை எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நாயனாப் பிள்ளையை மட்டுமே நினைத்துக்கொண்டு பட்டம்மாள் நின்றுவிடவில்லை. தீட்சிதர் கிருதிகளை அம்பி தீட்சிதரிடமும் டி.எல். வெங்கடராம ஐயரிடமும், பல்லவியை வித்யால நரசிம்மலு நாயுடுவிடமும், பாபநாசம் சிவனின் பாட்டைச் சிவனிடமும் நேரில் கற்றுக்கொண்டார். மானசீக குரு ஒருவர் இருந்ததால் மற்ற குருமார்களுக்குக் கதவை அடைக்கவில்லை. நம்மில் சிலர் ஒரே ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் பெயர் வந்தால் உதட்டைப் பிதுக்குகிறோமே, அதற்காகச் சொல்கிறேன். நானும் அப்படி இருந்தவள்தான். எம்.எல். வசந்தகுமாரி ரசிகைகளோடு கான்டீன் வாசலில் நான் போட்ட சண்டைகளை உங்களில் மூன்று பேர் மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது உங்களில் யாராவது கேட்பீர்கள்: “பதிவே வேண்டாம் என்கிறாயா? பதிவு இல்லாவிட்டால் உனக்குப் பட்டம்மாள் ஏது?” நியாயமான கேள்வி. 2009இல் அவர் மறைந்தபோது எனக்கு எட்டு வயது. நேரில் ஒரு கச்சேரிகூடக் கேட்டதில்லை. தாத்தாவின் கேசட் இல்லையென்றால் நான் பாட்டுக்கே வந்திருக்க மாட்டேன். காஞ்சிபுரத்துத் திண்ணை அன்று எல்லாருக்கும் திறக்கவில்லை. இன்று ஒரு சிற்றூரில் பாட்டு வாத்தியார் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் பிருந்தாவின் பாட்டு கிடைக்கிறது. அதைவிடப் பெரிய தர்மம் இல்லை. இன்னொரு உண்மையையும் சொல்கிறேன்: அந்தச் சிறுமியின் கையில் ஒரு போன் இருந்திருந்தால் அவளும் பதிவுதான் செய்திருப்பாள். நமக்கும் நாயனாப் பிள்ளையின் குரல் கிடைத்திருக்கும். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

பதிவு செய்வதில் எனக்குச் சண்டை இல்லை. பதிவு செய்துவிட்டதால் கேட்டாகிவிட்டது என்று நினைப்பதில்தான். என் போனில் இருக்கிற டி.கே.பி. பதிவுகளைப் போன மாதம் எண்ணிப் பார்த்தேன், 214 இருந்தன. முழுதாக உட்கார்ந்து கேட்டவை நாற்பதுகூட இல்லை. கேட்ட நாற்பதிலும் போட்டிக்கு வேண்டிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டியதுதான் அதிகம். சேர்த்து வைப்பது ஒரு பசி, கேட்பது வேறு பசி. முதல் பசி அடங்கியதும் இரண்டாவதும் அடங்கிவிட்டது போல ஒரு மயக்கம்.

அதனால் இந்த வருடம் ஒரு சோதனை செய்தேன். மயிலாப்பூரில் ஒரு சாயங்காலக் கச்சேரி. நான் மதிக்கிற சீனியர் பாடகி. போனை அணைத்துப் பைக்குள் போட்டு, பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன். முதல் இருபது நிமிஷம் கை துறுதுறுத்தது. வர்ணம் போயிற்று, இரண்டாவது பாட்டும் போயிற்று, மூன்றாவதாக சஹானாவில் நான் கேட்டேயிராத ஒரு கிருதி, மிச்ர சாபுவில். ‘இதை எழுதுகிறோம்’ என்று எனக்குள்ளேயே முடிவு கட்டினேன்.

அந்தப் பத்து நிமிஷத்தைப் போல நான் எந்தக் கச்சேரியையும் கேட்டதில்லை. முதலில் தாளத்தைப் பிடித்தேன். பல்லவி இரண்டாவது தடவை வந்தபோது வார்த்தையைப் பிடித்தேன். ம க ம ரி என்று இறங்கி ரிஷபத்தில் உட்கார்கிற இடத்தில் அவர் ஒரு சின்னக் கார்வை கொடுத்தார். அதை விட்டுவிடக் கூடாதே என்று நினைத்த நேரத்தில் அடுத்த சங்கதி கை நழுவிப்போனது. அனுபல்லவியில் இரண்டு வார்த்தை காதில் விழவே இல்லை. பக்கத்தில் ஒருவர் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மிட்டாய்க் காகிதத்தின் மேல் கொலைவெறி வந்தது. அந்த வார்த்தைகள் இனித் திரும்பி வராது என்பது அப்போதுதான் உறைத்தது.

கச்சேரி முடிந்து அடையாறு போகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பாதி வழிவரை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு வந்தேன். நோட்டு இல்லை. கச்சேரி நிகழ்ச்சிநிரல் அச்சடித்த தாளின் பின்பக்கம், விளம்பரங்களுக்கு இடையே இருந்த வெள்ளையில் ஸ்வரப்படுத்த ஆரம்பித்தேன். பஸ் குலுங்கக் குலுங்க எழுத்து கோணிக்கொண்டு போனது. ஒரு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “கணக்காம்மா போடறே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்யில்லை.

மறுநாள் டீச்சரிடம் காட்டினேன். பாடச் சொன்னார், பாடினேன். முதல் ஆவர்த்தனத்திலேயே கையைத் தூக்கி நிறுத்தினார். எடுப்பு தப்பு. சமத்தில் எடுக்கிற பாட்டு என்று நான் எழுதியிருந்தேன், பாட்டு தள்ளி எடுக்கிறது. வார்த்தை விழுகிற அழகைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும் என்றார். அனுபல்லவி ஓட்டையும் ஒடிசலுமாக இருந்தது. சரணம் பரவாயில்லை. பல்லவியில் நான்கு சங்கதி எழுதியிருந்தேன். மூன்றாவதைப் பாடியதும் டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இன்னொரு தடவை பாடு.”

பாடினேன்.

“இது அவங்க பாடினதா, நீ போட்டதா?”

யோசித்துப் பார்த்தேன். சத்தியமாகத் தெரியவில்லை. பஸ்ஸில் வாய்க்குள் பாடிக்கொண்டு வந்தபோது எங்கேயோ சேர்ந்திருக்க வேண்டும்.

“தெரியலை டீச்சர்.”

“நல்லா இருக்கு. வெச்சுக்கோ.”

அவ்வளவுதான் சொன்னார். எடுப்பைச் சரிசெய்து பாடத்தைத் தொடர்ந்தார். நூறு தடவை கேட்டு உருப்போட்ட காம்போதியில் எனக்கென்று ஒரு ஸ்வரம்கூட இல்லை. ஒரு தடவை கேட்டுத் தப்பும் தவறுமாக எழுதிய சஹானாவில் ஒரு சங்கதி இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம், தெலுங்குச் சாஹித்யத்தோடும் தாளத்தோடும் மல்லுக்கட்டியபடி வீட்டுக்கு வந்த அந்தக் குழந்தைகள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் எழுதிவைத்ததிலும் தப்பு இருந்திருக்கும். எந்தத் தப்பு எப்போது பட்டம்மாளின் சங்கதி ஆயிற்று என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் சின்னதுதான். சீசனில் எத்தனையோ கச்சேரி கேட்கிறோம். அதில் ஒன்றே ஒன்றைப் போன் இல்லாமல் கேளுங்கள். அதில் ஒரே ஒரு பாட்டை, இனி ஒருமுறை கேட்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள். அன்று ராத்திரியே எழுதுங்கள், தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். அப்புறம் உங்கள் குருவிடம் காட்டுங்கள். திட்டு விழும், விழட்டும். பதிவு வேண்டுமென்றால் அதற்குப் பிறகு தேடிக்கொள்ளலாம், சரிபார்க்க உதவும். வரிசை மட்டும் மாற வேண்டாம்: முதலில் காது, பிறகு கை, கடைசியில் போன்.

கூடவே இன்னொன்று. உங்களுக்கு யாரை உயிராகப் பிடிக்குமோ, அவருக்கு யாரை உயிராகப் பிடித்தது என்று தேடிப் பாருங்கள். அந்த இன்னொருவரின் குரல் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் இன்னும் நல்லது. காப்பியடிக்க வழி இருக்காது.

வருகிற மார்கழியில் எனக்கு மறுபடியும் பன்னிரண்டு மணிதான். அந்த சஹானாவைப் பாடுவதாக இருக்கிறேன், எடுப்பைச் சரிசெய்துகொண்டு, மூன்றாவது சங்கதியோடு. முன்வரிசையில் இடம் நிறையவே இருக்கும். வந்து உட்காருங்கள், போன் பையில் இருக்கட்டும். என்ன கேட்டீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் கான்டீனில் தாளை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்போம். எல்லாருடைய தாளும் ஒரே மாதிரி இருந்தால் காபி என் கணக்கு. இருக்காது, அந்த தைரியத்தில்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி